எட்டாம் மாத வாந்தி மசக்கை அல்ல

கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் வரும் வாந்தி பெரும்பாலும் தானே அடங்கிவிடும். ஆனால், எட்டாம், ஒன்பதாம் மாதங்களில் புதிதாகத் தொடங்கும் குமட்டலும் வாந்தியும் அத்தகையவை அல்ல. அவற்றைப் 'பித்தம்' என்று ஒதுக்கிவிடும் வழக்கம் நம் குடும்பங்களில் இன்னும் மறையவில்லை. அரிதாக, அவை கர்ப்பகாலத் தீவிரக் கொழுப்புக் கல்லீரல் நோயின் முதல் அறிகுறியாக இருக்கக்கூடும்.

ஏறத்தாழ 7,000 முதல் 15,000 கர்ப்பங்களில் ஒன்றில் இந்நோய் ஏற்படுகிறது. மதுவாலும் உடற்பருமனாலும் ஆண்டுக்கணக்கில் உருவாகும் கொழுப்புக் கல்லீரல் வேறு, இது வேறு. இதில் கல்லீரல் அணுக்களில் நுண்ணிய கொழுப்புத் துளிகள் சேர்ந்து, சில நாள்களிலேயே அவ்வுறுப்பு செயலிழக்கிறது. சிலருக்கு, கருவிலுள்ள குழந்தையிடம் கொழுப்பு அமிலங்களைச் சிதைக்கும் நொதி மரபுவழியாகக் குறைந்திருப்பதே காரணமாகிறது. எனவேதான், பிறந்த குழந்தையையும் பரிசோதிக்க வேண்டும்.

வாந்தி, மேல்வயிற்று வலி, அளவு கடந்த சோர்வு, தாகம், பின்னர் மஞ்சள் காமாலை என்பது வழக்கமான வரிசை. ஈ வகைக் கல்லீரல் அழற்சியும், உயர் இரத்த அழுத்தத்தோடு வரும் வேறு கல்லீரல் கோளாறுகளும் இதே தோற்றம் தருவதால் குழப்பம் நேர்கிறது. வேறுபடுத்த உதவும் முக்கியத் தடயங்கள் இரத்தச் சர்க்கரை தாழ்தலும் இரத்த உறைதல் கெடுதலும் ஆகும். ஸ்கேன் இயல்பாக இருப்பதாலேயே நோய் இல்லை என்று கருதிவிட முடியாது. அறிகுறிகளும் ஆய்வக முடிவுகளும் அடங்கிய 14 அம்சங்களில் ஆறோ, அதற்கு மேலோ பொருந்தினால் நோயை உறுதிசெய்யும் 'சுவான்சி' அளவுகோலை மருத்துவர்கள் பயன்படுத்துகின்றனர்.

இதற்கெனத் தனி மருந்து இல்லை. தாயின் நிலையைச் சீராக்கி, மாதம் நிறையக் காத்திராமல் விரைந்து பிரசவிக்கச் செய்வதே சிகிச்சை. அத்துடன் குளுக்கோஸ், இரத்தப் பிளாஸ்மா, தீவிர சிகிச்சைக் கண்காணிப்பு ஆகியன தேவை. ஒரு காலத்தில் பெரும்பாலான தாய்மார்களைப் பலிகொண்ட இந்நோயில், இன்று உரிய காலத்தில் சிகிச்சை பெறுவோரில் பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் பிழைக்கின்றனர்.

ஆக, உயிரின் விலையை நிர்ணயிப்பது காலதாமதமே. வேம்பார் முதல் பெரியதாழை வரை நீளும் முத்துக்குளித்துறைக் கடற்கரைக்கு இது மிகவும் பொருந்தும். ஆண்கள் கடலுக்குச் சென்றிருக்கும் வேளையில் மருத்துவமனைக்குச் செல்லும் முடிவு தள்ளிப்போகலாம். கண்கள் மஞ்சளித்தால் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்துக் காத்திருப்பதும் உண்டு. இரத்த வங்கியும் தீவிர சிகிச்சைப் பிரிவும் கொண்ட தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை அடைவதற்குள் பொன்னான மணித்துளிகள் கரைந்துவிடுகின்றன.

2018-20 கணக்கெடுப்பின்படி, ஒரு லட்சம் குழந்தைப் பிறப்புக்குத் தமிழகத்தில் தாய்மார் இறப்பு 54. இந்திய சராசரி 97. பொதுவான காரணங்களைக் கட்டுப்படுத்தியே இந்நிலையை எட்டினோம். எஞ்சியிருக்கும் இறப்புகளைக் குறைக்க, அரிய நோய்களையும் கவனித்தாக வேண்டும்.

அதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. கர்ப்பிணிக்குச் சர்க்கரை கூடியுள்ளதா என்று பார்க்கும் அதே கருவி, குறைந்துள்ளதையும் காட்டும். கடைசி மூன்று மாதங்களில் வாந்தியோடு வரும் ஒவ்வொருவருக்கும் சர்க்கரை, கல்லீரல், சிறுநீரகம், இரத்த உறைதல் பரிசோதனைகளை அன்றே செய்து, ஐயம் எழுந்தால் 108 ஊர்தியில் அனுப்பிவிடுவதை ஆரம்ப சுகாதார நிலையங்கள் விதியாக்கலாம். சில நூறு ரூபாய்ச் சோதனையைத் தவிர்ப்பது சிக்கனம் ஆகாது. அதன் கடனைத் தாயற்ற குழந்தைதான் வாழ்நாள் முழுதும் அடைக்க நேரிடும்.