உங்களுக்குத் தெரியுமா? இணைப்புதான் போனது, கோப்புறை போகவில்லை!

இடுக்கி முதல் பாலக்காடு வரை, கேரள அரசுப் பள்ளிக் கணினிகளில் ஓடுவது உபுண்டுவிலிருந்து உருவான கைட் குனு/லினக்ஸ். புதிய உபுண்டுப் பதிப்புகளில் ‘பின்’, ‘லிப்’, ‘லிப்64’ மூன்றும் உண்மையான கோப்புறைகளே அல்ல. ‘யூஎஸ்ஆர்’ கோப்புறைக்குள் இருப்பவற்றைச் சுட்டும் இணைப்புகள்.

நிர்வாகி அதிகாரத்தோடு ‘லிப்64’ஐத் தவறுதலாக அழித்தால், அந்த நொடியே பெரும்பாலான கட்டளைகள் நின்றுவிடும். நிரல்களை நினைவகத்தில் ஏற்றும் கோப்பைக் கணினி அந்த வழியில்தான் தேடுகிறது. கோப்புகளோ பத்திரமாக இருக்கும்!

எல்லாவற்றையும் அழித்து மறுபடி நிறுவ வேண்டியதில்லை. உபுண்டு பென்டிரைவில் கணினியைத் தொடங்கி, பழைய வட்டுப் பகுதியைத் திறந்து, அதன் மேல்மட்டத்தில் ‘எல்என் -எஸ்’ கட்டளையால் அதே பெயரில் இணைப்பை உருவாக்கினால் போதும். இலக்கை, முன்னால் சாய்கோடு இல்லாமல், ‘யூஎஸ்ஆர்/லிப்64’ என்று கொடுப்பதே சரி. உபுண்டுவின் மூல இணைப்பும் அப்படித்தான் இருக்கிறது.