ஒற்றர் எழுதிய நூல்

மாறுவேடம் பூண்டு, பகைவரிடையே வாழ்ந்து, செய்தி திரட்டி வருபவரை ஒற்றர் என்கிறோம். கதைகளில் வரும் ஒற்றர் எதற்கும் கலங்காதவர். வேலை முடிந்ததும் வேடத்தைக் களைந்துவிட்டு மகிழ்ச்சியோடு வீடு திரும்புபவர். உண்மையில் அவ்வேடம் அத்துணை எளிதாகக் களையக்கூடியதா? இவ்வினாவுக்கு விடை கூறுகிறது, ஒற்றர் ஒருவர் தாமே எழுதிய நூல்.

அவர் பெயர் வில்லியம் குவீன். வியட்நாம் போரில் பணிபுரிந்தவர். பின்னர், மது, புகையிலை, துப்பாக்கி ஆகியவை பற்றிய சட்டங்களைக் காக்கும் அமெரிக்க மத்திய அரசுத் துறையில் அதிகாரியானார். 1998ஆம் ஆண்டில் அவர் கலிபோர்னியாவில் 'மங்கோல்ஸ்' என்னும் மோட்டார் சைக்கிள் கூட்டத்தினுள் நுழைந்தார்.

மோட்டார் சைக்கிள் ஓட்டுவோர் சங்கம் அமைத்துக்கொள்வது குற்றமன்று. அத்தகைய சங்கத்தாருள் பெரும்பாலோர் சட்டத்துக்கு அடங்கி நடப்பவரே. ஆயினும், நூற்றில் ஒருவராகிய அடங்காதவர் நாங்களே என்று பறைசாற்றும் '1%' சின்னத்தை உடையில் தைத்துக்கொள்ளும் கூட்டங்களும் சில உண்டு. 1948இல் தோன்றிய 'ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ்' அவற்றுள் பெயர் பெற்றது. 1969இல் தோன்றிய மங்கோல்ஸ் அதற்குக் கடும் பகை.

இக்கூட்டத்தில் சேர்வது எளிதன்று. புதியவர் முதலில் பல மாதங்கள் ஏவலாளாக உழைக்கவேண்டும். பிறகே முழு உறுப்பினருக்குரிய சின்னம் கிடைக்கும். குவீன் 'பில்லி செயின்ட் ஜான்' என்னும் பொய்ப்பெயர் பூண்டார். கூட்டத்தாரோ, வேலைக்கு ஆள் எடுப்பது போல் விண்ணப்பத்தாள் கொடுத்து, தனியார் துப்பறிவாளரைக் கொண்டு அவருடைய பழைய வாழ்வை ஆராய்ந்தனர். அதற்கு ஈடுகொடுக்கும் வகையில் அவருக்கென ஒரு பொய் வரலாறே ஆவணங்களோடு உருவாக்கப்பட்டிருந்தது. ஒருமுறை, ஆயுதம் ஏந்தியோர் சூழ, நீ போலீஸ்காரன்தானே என்னும் கருத்துப்பட முரடன் ஒருவன் அவரை மிரட்டினான். முகத்தில் சிறிது அச்சம் தோன்றியிருந்தாலும் உயிர் போயிருக்கும்.

ஒற்றன் கொணர்ந்த செய்தியைப் பிறிதொரு வழியால் சரிபார்க்கவேண்டும் என்பது திருக்குறளின் ஒற்றாடல் அதிகாரம் வற்புறுத்தும் நெறி. இங்கே அப்பணியைச் செய்தது மறைவான ஒலிப்பதிவுக் கருவி. நீதிமன்றத்துக்கு ஒற்றரின் சொல் மட்டும் போதாது. அதற்குச் சான்றும் வேண்டும். மேலும், குற்றம் செய்ய எண்ணாத ஒருவனை அரசின் ஆளே தூண்டிக் குற்றவாளி ஆக்கிவிட்டால், வழக்கு நிலைப்பது அரிது. ஆகவே, கூட்டத்தாரோடு ஒன்றாகப் பழகவும் வேண்டும். அவர்களைக் குற்றத்துக்குத் தூண்டாமலும் இருக்கவேண்டும்.

இவ்வாறு இரண்டு ஆண்டுகளுக்கு மேல் அவர் வாழ்ந்தார். 2000ஆம் ஆண்டில் 50க்கும் மேற்பட்டோர் கைது செய்யப்பட்டனர். பெரும்பாலோர் தண்டனை பெற்றனர்.

2005இல் வெளிவந்த 'அண்டர் அண்ட் அலோன்' என்னும் நூலில் இவற்றையெல்லாம் அவர் எழுதினார். அந்நூலில் நம் நெஞ்சைத் தொடும் பகுதி துப்பாக்கியைப் பற்றியது அன்று. ஒற்றராக இருந்த காலத்தில் அவருடைய அன்னை காலமானார். அலுவலகத் தோழர்கள் ஆறுதலாக ஒரு சொல்லும் கூறவில்லை. கூட்டத்தாரோ ஒருவர்பின் ஒருவராக வந்து அவரைத் தழுவித் தம் அன்பைத் தெரிவித்தனராம். தழுவிய அக்கைகளுக்கே விலங்கு பூட்ட அவர் சான்று திரட்டிக்கொண்டிருந்தார்! அவர் தம் கடமையை விடவில்லை. ஆனால் அந்த அன்பு பொய் என்றும் எழுதவில்லை.

அதே துறையைச் சேர்ந்த ஜே டாபின்ஸ், அரிசோனாவில் ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ் கூட்டத்தாரிடையே மறைந்து பணியாற்றியவர். பணி முடிந்து சில ஆண்டுகளுக்குப் பின், 2008இல், டூசான் நகரில் அவருடைய வீட்டுக்குத் தீ வைக்கப்பட்டது. உள்ளே இருந்த மனைவி மக்கள் உயிர் தப்பினர். மறு ஆண்டில் அவரும் 'நோ ஏஞ்சல்' என்னும் நூலை வெளியிட்டார்.

மாணவ நண்பர்களே, இத்தகைய நூல்களை வீரச்செயலுக்காக மட்டும் படிக்காதீர்கள். தீயவரிடமும் நட்பு இருக்கலாம். அந்த நட்பு அவர்கள் செய்த தீமைக்கு மன்னிப்பு ஆகாது. இவ்விரண்டு உண்மைகளையும் ஒருசேரத் தாங்கவேண்டிய சுமையே ஒற்றருடைய பணியில் மிகக் கடியது. அச்சுமையை நமக்காகச் சிலர் தாங்குகின்றனர் என்பதை நாம் அறிந்திருத்தல் நன்று.