வெடிப்பு வழியே ஏறும் வாயு

சித்திரை, வைகாசியில் பரளச்சிப் பக்கம் கரிசல்காட்டில் கை நுழையும் அளவுக்கு நிலம் வெடித்துக் கிடக்கும். அடுத்த மழையை உள்ளே இழுப்பது அந்த வெடிப்புதான் என்று சம்சாரிக்குத் தெரியும். அதே வழியில் மேலே ஏறி வருவதும் ஒன்று உண்டு, ரேடான். மண்ணிலும் பாறையிலும் இயல்பாகவே இருக்கும் யுரேனியம் சிதைந்து ரேடியமாகி, அதிலிருந்து பிறக்கும் கதிரியக்க வாயு. நிறம் கிடையாது, வாடை கிடையாது. வெட்டவெளியில் காற்றோடு கலந்து போய்விடும். காட்டு வேலைக்காரர் பயப்பட வேண்டியதில்லை. சிமெண்டுத் தரையின் கீறல் வழியே ஏறி, அடைத்த அறைக்குள் தேங்கினால்தான் வினை. பல நாடுகளில் நுரையீரல் புற்றுநோய்க்குப் புகைப்பழக்கத்துக்கு அடுத்த காரணம் இதுதான் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பீடி குடிப்பவர் என்றால் ஆபத்து பன்மடங்கு.

1984இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், லிமரிக் அணுமின் நிலையப் பொறியாளர் ஒருவர் உள்ளே நுழையும்போதே கதிர்வீச்சு எச்சரிக்கை மணி அலறியது. நிலையமோ இன்னும் மின் உற்பத்தியைத் தொடங்கவில்லை. தேடிப் பார்த்தால் ரேடான் கதிர் ஒட்டியது அவர் குடியிருந்த வீட்டில்! அந்த நாட்டில் ரேடான் சட்டம் 1988இல் வந்தது. சோதித்தே ஆக வேண்டும் என்று எந்த வீட்டுக்காரரையும் அது கட்டாயப்படுத்தவில்லை. மாநிலங்களுக்குப் பணம் கொடுத்து மக்களைச் சோதிக்கத் தூண்டியது. இல்லினாய்ஸ் மாநிலச் சட்டப்படி, வீட்டை விற்பவர் ரேடான் பற்றிய கையேட்டை வாங்குபவரிடம் கொடுக்க வேண்டும். முன்பே அளந்திருந்தால் அந்த அளவையும் மறைக்கக் கூடாது.

இந்தியாவில் வீடுகளுக்கு இப்படிச் சட்டம் இல்லை. எல்லார் வீட்டிலும் கட்டாயச் சோதனை என்று இறங்குவதும் எனக்கு உவப்பில்லை. 2003இல் தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது, அதிகாரி வந்தால் காட்டுவதற்கென்று ஒரு குழாயைச் சொருகி வைத்தவர்களையும் பார்த்தோமே. ரேடானுக்கு, சொல்லித் தூண்டும் சட்டமே பொருந்தும்.

சோதனையும் பெரிய வேலையல்ல. சின்னக் குப்பிக்குள் ஒரு பிளாஸ்டிக் பிலிமை வைத்து, மூன்று மாதம் போல அறையில் தொங்கவிடுவார்கள். ரேடான் உமிழும் ஆல்பா துகள்கள் அதில் தடம் பதிக்கும். ஆய்வகத்தில் காரக் கரைசலில் கழுவித் தடங்களை எண்ணினால் அளவு தெரிந்துவிடும். கதிரியக்கத்தை அளக்கும் அலகு பெக்கரல். ஒரு கனமீட்டர் காற்றில் 100 பெக்கரலுக்குள் இருப்பது நல்லது. முடியாத இடத்திலும் 300ஐத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. (சமையல் மேடைக் கிரானைட்டைச் சந்தேகிப்பவர்களுக்கு: பெரும்பங்கு வாயு வருவது வீட்டின் கீழுள்ள மண்ணிலிருந்துதான்.)

கூரைவீட்டில் காற்று நாலா பக்கமும் புகுந்து போகும். அந்த இடத்தில் இப்போது கான்கிரீட் வீடுகள் எழுகின்றன. கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய் அரசே தருகிறது. கொசுவுக்குப் பயந்தும் ஏசிக்காகவும் ஜன்னலை அடைப்பது கிராமத்துக்கும் வந்துவிட்டது. சட்டம் தொடங்க வேண்டிய இடம் அரசுப் பணத்தில் எழும் கட்டடங்கள்தான், அங்கன்வாடியும் பள்ளியும் முதலில். தரை போடும் முன்பே அடியில் ஜல்லி பரப்பி, அதிலிருந்து ஒரு பிளாஸ்டிக் குழாயைக் கூரைக்கு மேல் விட்டுவிட்டால் வாயு வெளியேறிவிடும். கட்டி முடித்த பிறகு தரையை உடைத்துச் செய்வதுதான் செலவு.