ஒன்று இறங்கினால் ஒன்று ஏறட்டும்

மே மாதம் ஹாலில் ஸ்வெட்டர் பை கிடக்கும். நவம்பரில் அதே இடத்தில் ஏர்கூலர் நிற்கும். பரணில் இடமில்லை என்று அலுத்துக்கொள்வோம். தேவை முடிந்த பொருள் போக வேண்டிய இடத்துக்குப் போகாததுதான் பல வீடுகளில் சிக்கல்.

இதற்கு ஒரே விதி போதும்: ஏணி போட்டு ஒன்றை இறக்கும் நாளிலேயே இன்னொன்றை ஏற்றிவிடுங்கள். நம் ஊர்ப் பருவத்துக்கு ஆண்டில் மூன்று சமயங்களில் ஏணி எடுத்தால் போதும்.

பங்குனியில்: கம்பளி, கனத்த போர்வை எல்லாம் மேலே போகட்டும், வடாம் பிழியும் அச்சு, தண்ணீர்ப் பானை கீழே வரட்டும். கம்பளியைத் துவைத்து, வெயிலில் நன்றாகக் காயவைத்த பிறகே மடியுங்கள். வியர்வையும் உணவுக் கறையும் பட்ட துணியைத்தான் பூச்சி முதலில் தேடிவரும்.

புரட்டாசியில்: கொலுப் பெட்டி இறங்கியதும் பரண் பாதி காலியாகிவிடும். கரையான் மண், ஈரக்கசிவு இருக்கிறதா என்று பார்க்க இதைவிட நல்ல சமயம் கிடையாது. கொலு முடிந்து பொம்மை ஏறும்போது குடை, ரெயின்கோட்டு, எமர்ஜென்சி விளக்கு இறங்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் அக்டோபர் மூன்றாம் வாரத்தில் வந்துவிடும். பொம்மைகளைப் பழைய வேட்டித் துணியில் தனித்தனியாகச் சுற்றுங்கள். பிளாஸ்டிக் கவரில் கட்டினால் உள்ளே ஈரம் தங்கி, காகிதக்கூழ் பொம்மையில் பூஞ்சை படரும்.

ஏர்கூலரைக் கோடை முடிந்ததுமே ஒதுக்கிவிடலாம். ஆனால் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு, தொட்டியின் உள்சுவரில் முட்டையிடும். தண்ணீர் வற்றினாலும் அந்த முட்டை மாதக்கணக்கில் உயிரோடு ஒட்டிக்கொண்டிருந்து, அடுத்த கோடையில் தண்ணீர் பட்டதும் பொரிக்கும். பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவி, உள்ளே இருக்கும் பேடையும் உலர்த்திய பிறகே மூடி வையுங்கள்.

போகிக்கு முன்: மழைச் சாமான் காய்ந்து மேலே போகட்டும், போர்வை வெளியே வரட்டும். கூடவே பட்டுப்புடவைகளையும் எடுத்து, மடிப்பை மாற்றி மடியுங்கள். ஒரே மடிப்பில் கிடந்தால் ஜரிகை அங்கேயே இற்றுப்போகும். வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றுவது நல்லது. அந்துருண்டை ஜரிகையில் படக் கூடாது, கறுத்துவிடும். பச்சைக் குழந்தையின் துணியில் அதைப் போடவே வேண்டாம். சில குழந்தைகளுக்கு ரத்தச் சிவப்பணு உடைந்து காமாலை வரக்கூடும்.

கனமான பெட்டி பரணில் வேண்டாம். கட்டிலுக்கு அடியில் தள்ளுங்கள். அடுத்து இறங்கப்போவது பரணின் வாயருகே இருக்கட்டும். ஒவ்வொரு பெட்டியிலும் கீழே நின்று பார்த்தால் தெரியும் பக்கத்தில் ஒரு தாள் ஒட்டி, உள்ளே இருப்பதையும் கடைசியாகத் திறந்த மாதத்தையும் எழுதுங்கள். "இதர சாமான்" என்று மட்டும் எழுதாதீர்கள். அந்தப் பெட்டியை யாரும் திறக்கவே மாட்டார்கள்.

அடுத்த போகிக்கு ஏணி போடும்போது அந்தத் தாளைப் படியுங்கள். ஓராண்டு முழுக்கத் திறக்காத பெட்டி என்றால், கீழே இறக்கி, தேவைப்படுகிறவருக்குக் கொடுத்துவிடுங்கள். பிளாஸ்டிக்கும் துணியுமாகக் கொளுத்திப் புகைமூட்டம் போடுவதைவிட, பழையது கழிவதற்கு இதுவே நல்ல வழி.