இணைய மாநாட்டுக்குப் பணம் கட்டுமுன்

பதின்பருவத்துப் பிள்ளைகள் சபையில் அஞ்சாது பேசவும், எதிர்க்கருத்தைப் பொறுமையுடன் கேட்கவும், பல மனங்களை இணக்கி ஒரு தீர்மானத்தை எழுதவும் பழகுவதற்கு, ஐக்கிய நாடுகள் சபையின் நடைமுறையைப் பின்பற்றும் மாதிரி மாநாடுகள் சிறந்த சாதனம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. 2020இன் கொரோனா முடக்கத்தில் அவை ஜூம் வழியே நடக்கத் தொடங்கியபின், சிற்றூர்ப் பிள்ளைக்கும் அந்த வாய்ப்பு எட்டியது.

ஆயினும், "தங்கள் பிள்ளை இளம் தலைவராகத் தேர்வு பெற்றுள்ளார், இன்றே கட்டணம் செலுத்துக" என்ற வாட்ஸ்அப் செய்தியை நம்பி, நடத்துவோர் யார், முகவரி எது, முன்பு எங்கே நடத்தினார்கள் என்று ஒரு கேள்வியும் கேளாமல் பணம் அனுப்பிவிட்டு, மாநாடு நடவாதபோது அவமானத்துக்கு அஞ்சி அந்தச் செய்தியையே அழித்துவிடும் பெற்றோரை அடிக்கடி காண்கிறேன். ஐ.நா.வின் பெயரையும் சின்னத்தையும் மத்திய அரசின் அனுமதியின்றி வணிகத்துக்குப் பயன்படுத்துவதை 1950ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. ஆகவே அந்த நீலச் சின்னத்தைக் காட்டிப் பணம் கேட்பவரிடம் நம்பிக்கை அல்ல, ஐயமே முதலில் எழவேண்டும்.

செய்தியை அழிக்காதீர்கள். ஏமாந்தது தெரிந்த அக்கணமே 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணை அழையுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு நகர்வதற்குமுன் தகவல் எட்டினால்தான் வங்கி அதை முடக்கிவைக்க இயலும். 12 இலக்க யு.பி.ஐ. பரிவர்த்தனை எண், பணம் பெற்றவரின் ஐ.டி., செலுத்திய நேரம், உரையாடலின் ஸ்க்ரீன்ஷாட் ஆகியவற்றை அருகில் வைத்துக்கொண்டு பேசுங்கள். பிறகு சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்தில் புகாரைப் பதிந்து, அதன் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். "இது எங்கள் எல்லையில் வராது" என்று காவல் நிலையத்தில் திருப்பியனுப்பும் வழக்கம் சகிக்கத்தக்கதன்று. 2024 ஜூலை 1 முதல் அமலிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஆம் பிரிவின்படி, பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் தகவலைப் பெற்றாக வேண்டும். பதிய மறுத்தால், நடந்ததை எழுதி மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் விரைவுத் தபாலில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

நடத்தியவர் மெய்யான ஸ்தாபனமாக இருந்து, சொன்ன பயிற்சியைத் தராது போனால், வழி வேறு. முதலில் 1915 என்ற நுகர்வோர் உதவி எண். அதிலும் தீராவிடில், மைனர் பிள்ளைக்காகப் பெற்றோரே தம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இ-ஜாக்ரிதி தளத்தின் வழியே வழக்குத் தொடுக்கலாம். செலுத்திய தொகை 5 லட்சத்துக்கு மேற்படாவிடில் கட்டணமே இல்லை. ஆனால் இரண்டு ஆண்டுகளுக்குள் தொடுத்தாக வேண்டும்.

பணத்தினும் பெரிய ஆபத்து ஒன்றுண்டு. மாநாட்டில் அறிமுகமான வழிகாட்டி ஒருவர், குழுவை விட்டுத் தனியே பேச அழைத்து, மெல்லப் படம் கேட்கத் தொடங்கினால், பிள்ளையைக் கடிந்துகொள்ளாதீர்கள். கடிந்தால் அடுத்த செய்தி உங்களுக்குத் தெரியாமலே போகும். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அழையுங்கள். 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் பிள்ளையின் அடையாளத்தை வெளியிடுவதைத் தடுக்கிறது. ஆகவே ஊர் அறிந்துவிடும் என்று புகாரைக் கைவிட வேண்டியதில்லை. மறுபடியும் சொல்கிறேன், காவல் துறையிடம் ஒப்படைக்கும்வரை அந்த உரையாடலை அழிக்காதீர்கள். பிள்ளையின் படம் அதில் இருந்தால், ஆலோசனை கேட்பதற்காகக்கூட உறவினர் எவருக்கும் அதை அனுப்பாதீர்கள்.