களர் மண்ணும் ஜிப்சமும்

களர் நிலத்திலே தண்ணீர் இறங்காது, காய்ந்தால் கட்டாந்தரை. காரணம் சோடியம்.

சோடியம் அணுவில் 11 எலக்ட்ரான்கள். எலக்ட்ரானுக்கு எதிர் மின்னூட்டம். வெளிச்சுற்றில் இருக்கிற ஒன்றைச் சோடியம் சுலபமாக விட்டுவிடும். விட்டதும் நேர் அயனி ஆகிவிடும். குளோரின் ஒன்றை வாங்கிக்கொண்டு எதிர் அயனி ஆகும். இரண்டும் சேர்ந்ததுதான் சாப்பாட்டு உப்பு. கால்சியம் இரண்டை விடும். அதற்கு இரட்டை நேர் மின்னூட்டம்.

களிமண் துகளுக்கு எதிர் மின்னூட்டம். அதனால் நேர் அயனிகள் அதிலே ஒட்டிக்கொள்ளும். சோடியம் அதிகம் ஒட்டினால் துகள்கள் பிரிந்து கலங்கி, மண்ணின் நுண் துவாரங்களை அடைத்துவிடும். ஜிப்சத்தில் கால்சியம் இருக்கிறது. பிடிப்பு அதிகமுள்ள கால்சியம், சோடியத்தைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்காரும். துகள்கள் மறுபடி திரளும், தண்ணீர் இறங்கும்.

சரி, தள்ளப்பட்ட சோடியம் எங்கே போகும்? வயலிலேதான் கிடக்கும். நல்ல தண்ணீர் கட்டி, வடிகால் வழியே அதை வெளியேற்ற வேண்டும். வடிகால் இல்லாமல் ஜிப்சம் போட்டால் போட்ட காசு வீண். ஆகவே முதலில் வடிகால் வெட்டுங்க. மண் பரிசோதனை செய்து, சொல்லுகிற அளவுக்கு ஜிப்சம் போடுங்க. உப்பு வடிந்த பிறகு தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கிற சமயத்தில் மடக்கி உழுங்க.