காசநோய்க் கிருமி: மெழுகுப் போர்வையும் ஆறு மாத மருந்தும்

கண்ணுக்குப் புலனாகாத உயிர்களைப் பற்றிய கல்வி நுண்ணுயிரியல். அக்கல்வியைப் பயிலும் மாணவர்கள் எத்தனையோ நோய்க்கிருமிகளின் பெயரையும் வடிவத்தையும் மனப்பாடம் செய்கின்றனர். தேர்வு முடிந்ததும் மறந்தும் விடுகின்றனர். ஆயினும் ஒரே ஒரு கிருமியையேனும் முறையாகக் கற்றுணர்ந்தால், நோய் எவ்வாறு தோன்றுகிறது, மருந்து எவ்வாறு வேலை செய்கிறது, நோயுற்றவரிடம் நமக்குள்ள கடமை யாது என்பன யாவும் தெளிவாகும். அத்தகைய கிருமி ஒன்றை இங்குக் காண்போம். அதுவே காசநோய்க் கிருமி.

பழம்பகை

சயரோகம் என்றும் எலும்புருக்கி என்றும் நம் முன்னோர் அஞ்சிய நோய் இது. 11ஆம் நூற்றாண்டின் மருத்துவ மேதை இப்னு சீனா, தமது 'அல் கானூன்' என்னும் பெருநூலில் இதனைத் தொற்றும் நோய்களுள் ஒன்றாகக் குறித்தார். எனினும், தொற்றுவது எது என்று கண்ணால் காண மேலும் பல நூற்றாண்டுகள் கழிய வேண்டியிருந்தது. 1882ஆம் ஆண்டு மார்ச் 24ஆம் நாள், ஜெர்மானிய அறிஞர் இராபர்ட் கோக் பெர்லின் நகரில் அறிஞர் அவையொன்றின் முன் அக்கிருமியைக் காட்டினார். மாந்தருள் ஏழில் ஒருவர் இந்நோயால் மாள்கின்றனர் என்று அவர் அன்று எடுத்துரைத்தார். அந்த நாளே இன்றும் உலகக் காசநோய் நாளாகக் கொள்ளப்படுகிறது.

ஆய்வகத்தில் காண்பது

கல்லூரி ஆய்வகத்தில் உயிருள்ள காசநோய்க் கிருமியை வளர்ப்பதில்லை. காற்றின் வழியே பரவும் கிருமியாதலால், அதற்கென உயர்ந்த பாதுகாப்பு அமைந்த ஆய்வகம் வேண்டும். மாணவர்கள் முன்னரே ஆயத்தம் செய்யப்பட்ட கண்ணாடித் தகடுகளையோ, அக்கிருமியின் இனத்தைச் சேர்ந்த தீங்கு குறைந்த மைக்கோபாக்டீரியம் ஸ்மெக்மாடிஸ் என்னும் நுண்ணுயிரையோ கொண்டு பயில்கின்றனர்.

பயிற்சி இவ்வாறு நடைபெறும். கண்ணாடித் தகட்டின் மீது கிருமியைப் பூசி உலர்த்தி, மெல்லிய வெப்பத்தால் நிலைநிறுத்துவர். அதன்மேல் கார்பால் ஃபுக்சின் என்னும் சிவப்புச் சாயத்தை ஊற்றி, கொதித்துவிடாமல் ஆவி எழுமளவு சூடாக்குவர். ஐந்து நிமிடம் கழித்துக் கழுவி, நீர்த்த கந்தக அமிலத்தை ஊற்றுவர். வேறு நுண்ணுயிர்களாயின் இந்த அமிலத்தில் சாயம் முழுவதும் நீங்கிவிடும். காசநோய்க் கிருமியின் இனமோ பற்றிய சிவப்பை விடுவதில்லை. இறுதியாக மெத்திலீன் நீலச் சாயத்தை இட்டு நுண்ணோக்கியில் பார்த்தால், நீலப் பின்னணியில் சின்னஞ்சிறு சிவப்புக் கோல்கள் தெரியும். ஒரு கோலின் நீளம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் இரண்டு முதல் நான்கு பங்குதான். அமிலத்துக்கும் அசையாத இந்தத் தன்மையை எர்லிக் கண்டறிந்தார். ஸீல், நீல்சன் என்னும் இருவர் அம்முறையைச் செப்பனிட்டனர். அவர்கள் பெயராலேயே அது இன்றும் வழங்குகிறது.

சிவப்பு ஏன் நீங்கவில்லை? இவ்வினாவே இப்பாடத்தின் உயிர்நிலை.

மெழுகுப் போர்வை

இக்கிருமியின் செல்சுவரில் மைக்காலிக் அமிலம் என்னும் நீண்ட கொழுப்புப் பொருள் செறிந்திருக்கிறது. மெழுகு பூசிய துணியில் நீர் எளிதில் ஊடுருவாதது போல, இச்சுவரினுள் எப்பொருளும் எளிதில் புகுவதில்லை. வெப்பம் ஊட்டிச் சாயத்தை உட்செலுத்திய பின், அதே சுவர் அச்சாயத்தை வெளியே விடாமல் காக்கிறது. ஆய்வகத்தில் நாம் காணும் சிவப்பின் காரணம் இதுவே.

அப்போர்வையின் விளைவுகள் இத்துடன் முடிவதில்லை. உணவுப்பொருள்களும் அதன் வழியே மெதுவாகவே உட்செல்கின்றன. குடலில் வாழும் எஸ்செரிச்சியா கோலை என்னும் நுண்ணுயிர் தக்க சூழலில் 20 நிமிடத்தில் இரண்டாகப் பெருகும். காசநோய்க் கிருமிக்கு அதற்கு 15 முதல் 20 மணி நேரம் வேண்டும். முட்டை சேர்த்த பச்சைநிற வளர்ப்பு ஊடகத்தில் அதன் திரளைக் கண்ணால் காண மூன்று முதல் ஆறு வாரங்கள் ஆகும். கிருமி இல்லை என்று உறுதி கூற எட்டு வாரங்கள் வரை பொறுத்திருக்க வேண்டும்.

உடலுக்குள்ளும் இதே நிலைதான். கிருமிகளை விழுங்கி அழிக்க வேண்டிய வெள்ளணுக்களுக்கு உள்ளேயே இது உயிர் பிழைத்துக் கிடக்கிறது. மருந்துகள் பெரும்பாலும் பெருகும் கிருமியையே விரைந்து கொல்லும். உறங்கிக் கிடக்கும் கிருமி தப்பிவிடும். ஆதலால்தான் ஐசோனியசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு, எத்தாம்பியூட்டால் என்னும் நான்கு மருந்துகளை இரண்டு மாதமும், அவற்றுள் சிலவற்றை மேலும் நான்கு மாதமும் கொடுக்கின்றனர். ஆய்வகத்தில் அமிலத்தைத் தோற்கடித்த அதே போர்வைதான் நோயாளியின் கையில் ஆறு மாத மாத்திரைகளாக மாறி நிற்கிறது.

இடையில் நிறுத்துவதன் தீமை

மருந்து தொடங்கிய சில வாரங்களில் காய்ச்சல் தணியும், பசி எடுக்கும், உடல் தேறும். நோய் போயிற்று என்றெண்ணிப் பலர் மருந்தை நிறுத்திவிடுகின்றனர். எஞ்சிய கிருமிகள் மீண்டும் பெருகுகின்றன. முறையின்றி மருந்து உண்டவரிடம் அம்மருந்துகளுக்கு அடங்காத கிருமிகள் மேலோங்குகின்றன. அத்தகைய நோய்க்கு அண்மைக்காலம் வரை 18 முதல் 24 மாதங்கள் கடுமையான மருத்துவம் தேவைப்பட்டது. தக்கவர்களுக்கு ஆறு மாதத்தில் முடியும் புதிய முறையை உலக சுகாதார நிறுவனம் 2022இல் பரிந்துரைத்தது. எனினும், எளிய மருந்துக்கு அடங்கும் நோயை அடங்காத நோயாக்கிக்கொள்வது பேதைமையன்றோ? அடங்காத கிருமி அவர் ஒருவரோடு நிற்பதில்லை. அருகிலிருப்போருக்கும் அவ்வடிவிலேயே பரவுகிறது.

சென்னை உலகுக்குச் சொன்ன செய்தி

ஒரு காலத்தில் காசநோயாளியை வீட்டினின்று பிரித்து, நல்ல காற்றும் ஓய்வும் ஊட்டமும் கிடைக்கும் சானடோரியத்தில் வைப்பதே மருத்துவம் என்று கருதினர். தாம்பரம் சானடோரியம் என்னும் இரயில் நிலையத்தின் பெயரில் அக்காலம் இன்றும் வாழ்கிறது. 1956இல் சென்னையில் காசநோய் வேதிச்சிகிச்சை மையம் நிறுவப்பட்டது. அங்கு ஏறத்தாழ 200 நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரை வீட்டிலும் மற்றவரைச் சானடோரியத்திலும் வைத்து ஒரே மருந்துகளை ஓராண்டு கொடுத்தனர். வீட்டிலிருந்தோர் ஏழைகள், நெருக்கமான வீடுகளில் வாழ்ந்தவர்கள், உணவிலும் குறைந்தவர்கள். எனினும் 1959இல் வெளியான முடிவில், இரு பிரிவினரும் ஏறக்குறைய ஒப்பவே குணமடைந்திருந்தனர். வீட்டில் வைத்து மருத்துவம் செய்ததால் குடும்பத்தாருக்குக் கூடுதல் கேடு விளையவில்லை என்பதும் பின்னர்த் தெளிவாயிற்று. மருந்தை ஒழுங்காக உண்பதே தலையாயது என்னும் உண்மை சென்னையிலிருந்து உலகெங்கும் சென்றது. அம்மையமே இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாகத் திகழ்கிறது.

நம் கடமை

2023ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 1 கோடியே 8 லட்சம் பேர் காசநோயுற்றனர். ஏறத்தாழ 12½ லட்சம் பேர் மாண்டனர். நோயுற்றோரில் நான்கில் ஒருவருக்கு மேல் இந்தியர். மருந்துள்ள நோய்க்கு இத்துணை உயிர்களைப் பலிகொடுப்பது ஏன்? காரணங்கள் பல, வறுமையும் ஊட்டக் குறைவும் அவற்றுள் முதன்மையானவை. நாமே நீக்கக்கூடிய காரணம் ஒன்றும் உண்டு. அதுவே மறைத்தல். மகளின் திருமணம் தடைப்படுமோ என்று தாய் இருமலை மறைக்கிறாள். வேலை போகுமோ என்று தந்தை மருத்துவமனையைத் தவிர்க்கிறார். வெளிப்பட்டாலோ வீட்டில் தனித் தட்டும் தனிக் குவளையும் வைத்துவிடுகிறோம்.

இந்நோய் தட்டினால் பரவுவதன்று. நோயாளி இருமும்போது வெளிப்படும் நுண்துளிகளை மூச்சில் ஏற்பதால் பரவுவது. தட்டைப் பிரிப்பதைவிடச் சன்னலைத் திறப்பதே பயன் தரும். இருமும்போது வாயை மூடுதல் வேண்டும். தக்க மருந்து தொடங்கிய சில வாரங்களில் பிறருக்குத் தொற்றச் செய்யும் ஆற்றல் பெரிதும் குறைந்துவிடுகிறது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் சளிச் சோதனை செய்துகொள்ளல் வேண்டும். அரசு மருத்துவமனைகளில் சோதனையும் மருந்தும் இலவசமாகவே கிடைக்கின்றன.

மாணவர்களே! நுண்ணோக்கியில் அச்சிவப்புக் கோல்களைக் காணும்போது மதிப்பெண்ணை மட்டும் எண்ணாதீர்கள். ஐந்தாம் மாதத்தில் மாத்திரையை நிறுத்த எண்ணும் ஒருவர் உங்கள் தெருவிலேயே இருக்கலாம். ஏன் நிறுத்தலாகாது என்பதை அவருக்குப் புரியும்படி எடுத்துரைக்கும் அறிவு உங்களிடம் இருக்கிறது. பெரியோர்களே! உங்கள் ஒரு சொல்லுக்கு ஊரில் மதிப்புண்டு. இந்நோய் இழிவன்று, குணமாகும் நோய் என்று நீங்கள் அவையறியச் சொன்னால், மறைந்திருக்கும் நோயாளிகள் மருத்துவமனையின் வாயிலை நாடுவர். கற்றதைப் பிறர்க்குப் பயன்படச் செய்வதே கல்வியின் நிறைவாகும்.